இரவுச் சாப்பாடு காலையில் தொடங்குகிறது

வேலைக்குப் போய்வரும் வீடுகளில் இரவுச் சமையலைக் குலைப்பது அடுப்படி வேலை அல்ல; "இன்னிக்கு என்ன பண்றது?" என்ற கேள்வி மாலை ஏழு மணிக்குமேல் எழுவதுதான். களைத்து வந்தவர்களுக்கு அப்போது பார்சல் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். அதனால் அந்தக் கேள்வியைக் காலையிலேயே முடித்துவிடுவது என் வழக்கம்.

காபி போடும்போதே முழுப் பாசிப்பயறு ஒரு டம்ளர், பச்சரிசி ஒரு கைப்பிடி கழுவி ஊறப்போடுவேன். வெயில் காலமென்றால் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே இருந்தால் புளிப்பு வாடை வந்துவிடும். மாலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் ஆந்திரத்துப் பெசரட்டு மாவு தயார். இட்லி மாவு போலப் பொங்கக் காத்திருக்க வேண்டாம். அரைத்த உடனே வார்க்கலாம்.

கைப்பக்குவம் இரண்டு இடத்தில்தான் தேவை. கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்து, தீயைக் குறைத்து, மாவைப் பரப்பிய பிறகு தீயைக் கூட்ட வேண்டும். முருங்கைக்கீரை சேர்ப்பதானால் வார்க்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்பே கலந்தால் உப்பில் நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும்.

அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் தாராளமாக இருக்கிறது. அதனால் இரண்டும் சேரும்போது புரதம் நிறைவாகிறது. கூடவே தக்காளிச் சட்னி இருந்தால், அல்லது தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும்.

ஊறவைக்காத நாளுக்குப் பாசிப்பருப்பு இருக்கிறது. அரிசியும் பருப்பும் சம அளவு, நறுக்கிய கேரட், பீன்ஸ், மிளகு, சீரகம், நாலு மடங்கு தண்ணீர். குக்கரின் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால், விசில் அடங்கும்போது எல்லாம் குழைந்திருக்கும். நெய்யில் கறிவேப்பிலை தாளித்தால் போதும்.

நல்ல இரவுச் சாப்பாட்டுக்குப் பதினைந்து ஐட்டம் வேண்டாம். ஒரு பயறு, ஒரு காய் அல்லது கீரை, கொஞ்சம் முன்யோசனை போதும். நாளைக் காலை வீட்டைப் பூட்டுமுன் ஒரு டம்ளர் பயறை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.