பூச்சுக்குள்ளே

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. உப்புக்காற்று உண்ணாத இரும்பு இங்கே இல்லை. யன்னற் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் இரண்டு மாரிக்குள் சிவந்துவிடுகின்றன. இந்த மண்ணிலேதான், சில ஆண்டுகளுக்கு முன், நாம் ஒரு வீடு வாங்க முற்பட்டோம்.

எட்டாண்டு வாடகை வீடுகளில் அலைந்தவர்களுக்குச் சொந்தக் கூரை என்பது எத்தகைய ஆசை என்பதை விளக்க வேண்டியதில்லை. புதிதாகக் கட்டி விற்பனைக்கு நின்ற நான்கு வீடுகளுள் ஒன்று எம் கண்ணில் பட்டது. வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை, தட்டையான கொங்கிறீற்றுக் கூரை. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், தெரியுமுன்னே தெளிந்துவிட்டோம், முற்பணமும் கொடுத்தோம்.

எம்மை விழிக்கச் செய்தவர் அயலிலுள்ள முதிய மேசன் ஒருவர். “பூசினாப் பொறகு சுவர் பேசாது, சேர். கடல் மணலா, ஆத்து மணலா எண்டு கேட்டீங்களா?” என்றார்.

கேட்டோம். விற்பவர் தம்முடைய பொறியியலாளர் ஒப்பமிட்ட தாளைக் காட்டினார். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார். கொடுக்கும் கடன் மீளுமா என்பதே அவர் பார்த்த கணக்கு. பிரதேச சபையின் இணக்கச் சான்றிதழும் இருந்தது. அச்சான்றிதழ் இன்றிப் புதுக் கட்டடத்தில் குடிபுகலாகாது என்ற விதி 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. ஆனால், அனுமதித்த வரைபடத்தின்படி கட்டடம் எழுந்துள்ளதா என்பதையே அது முதன்மையாகக் கூறும்; மணலின் உப்பைக் கூறாது. மூன்று தாள்களும் பொய்யல்ல. எனினும், வாங்குபவனின் வினாவுக்கு அவற்றுள் ஒன்றேனும் விடை தரவில்லை.

ஆகவே, விற்பவரோடு எத்தொடர்பும் அற்ற பொறியியலாளர் ஒருவரை எம் செலவில் அழைத்தோம். கம்பி எத்தனை ஆழத்திற் கிடக்கிறது என்பதைக் கருவி வைத்து அளந்தார். கூரையிலே துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். குளோரைட்டு அளவுக்கு மிஞ்சி இருந்தது. கழுவாத கடல் மணல்! உப்பு கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். கம்பியை மூடியிருந்த கனமும் போதாது என்றார் அவர்.

முற்பணத்திற் பாதியை இழந்து மீண்டோம். தப்பினோம் என்று மகிழ்ந்தோம். அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். எம் குற்றம் அங்கேதான் தொடங்கிற்று.

ஆறு மாதத்தில் அவ்வீட்டில் விளக்கெரிந்தது. குவைத்தில் பதினோராண்டு பிறர் சமையலறையில் உழைத்துத் திரும்பிய தாயொருவர் அதை வாங்கியிருந்தார். அவர் மகள் எம் வகுப்பு மாணவி. நாள்தோறும் அவளைக் கண்டும் நாம் வாய் திறக்கவில்லை. பிறர் வியாபாரத்தில் தலையிடுவானேன் என்று எமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் ஆண்டு, கூரையின் அடிப்புறம் பெயர்ந்து அப்பிள்ளையின் படிப்பு மேசைமீது விழுந்தது. நல்வேளை, அவள் பள்ளியில் இருந்தாள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு சென்றோம். தாய் அதைப் பொறுமையாக வாசித்தார். “இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, சேர்?” என்றார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருக்கும்.

1999 ஆகஸ்டு 17இல் துருக்கியின் மர்மராப் பகுதியில் நிலம் நடுங்கி, 17,000 பேருக்கு மேல் மாண்டனர். இடிந்த கட்டடங்கள் சிலவற்றின் கொங்கிறீற்றுக்குள் கடற்சிப்பிகள் கிடந்தன. 2001இல் கட்டடப் பரிசோதனைச் சட்டம் வந்தது. ஆயினும் பரிசோதகரைத் தேடிப் பிடித்தவர்கள் நடைமுறையில் பெரும்பாலும் கட்டுபவர்களே. 2019 முதலே பரிசோதக நிறுவனத்தைக் கணினி வழியே அரசு ஒதுக்கும் முறை வந்தது. 2023 பெப்ரவரியில் மீண்டும் நிலம் நடுங்கியபோது அந்நாட்டில் 50,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்; புதுக் கட்டடங்களும் வீழ்ந்தன. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பரிசோதகன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதே வினா.

எம்மிடம் பணமிருந்தது, உண்மையை வாங்கினோம். அத்தாய்க்கு அதற்கெனப் பணமில்லை. அதனால் உண்மையும் இல்லை. இது நீதியா? அத்திவாரம் வெட்டும்போதும், கம்பி கட்டும்போதும், பூசுமுன்னும் பொதுச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கட்டும். அதற்கான கட்டணத்தைக் கட்டி விற்பவர் சபைக்குச் செலுத்தட்டும், பரிசோதகரின் கையிலன்று. அறிக்கையோ கேட்பவர் எவருக்கும் கிடைக்கட்டும்.

அதுவரை எம்மால் இயன்றது சிறிது. அன்று மாலையே அறிக்கையைப் பிரதி செய்து, முதிய மேசனையும் அழைத்துக்கொண்டு, மற்ற மூன்று வீடுகளின் கதவையும் தட்டினோம். செய்தி அறிந்து விற்றவர் சினந்தார். சினக்கட்டும். மூன்றாம் வீட்டில், கூரையின் நேர் கீழே, தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.