அணையாத பாதி

அபிராமத்துக்கு ரயில் கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போகும் ராத்திரி வண்டியைப் பிடிக்க, பஸ் ஏறிப் பரமக்குடிக்குப் போக வேண்டும். அடுத்த பஸ்ஸை நம்பாமல் முன்னாடியே கிளம்பியவர்கள், பைகளைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டேஷன் விளக்கின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

ரயில்வேயில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நடைமேடை விளக்குகளில் 30 சதவீதம் ராத்திரி முழுக்க எரியும். மீதி 70 சதவீதத்தை வண்டி வரும்போது மட்டும் போடுவார்கள். சுவிட்சைத் தட்ட ஓர் ஆள் நினைவாக வர வேண்டும். ஜபல்பூர், போபால், நரசிங்பூர் நிலையங்களில் மேற்கு மத்திய ரயில்வே அந்த வேலையைச் சிக்னலிடமே ஒப்படைத்தது. ஹோம் சிக்னலைத் தாண்டி வண்டி உள்ளே வந்ததும் எல்லா விளக்கும் எரியும். வண்டி கிளம்பியதும் பாதி தானாக அணைந்துவிடும்.

சோடியம் விளக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. அது முழு வெளிச்சத்துக்கு வரவே சில நிமிடங்கள் பிடிக்கும். அணைத்தால் சூடு ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும். அதற்குள் வண்டி ஊரைத் தாண்டியிருக்கும். எல்.இ.டி. போட்ட நொடியில் எரிகிறது.

சிக்கனம் சரிதான். எந்தப் பாதி அணைகிறது?

வண்டி நிற்கிற ஓரிரு நிமிடம் பெட்டி எண்ணும் படியும் தெரிய வேண்டும், அதற்கு முழு வெளிச்சம். காத்திருப்பதோ மணிக்கணக்கில், பாதி வெளிச்சத்தில். ஒன்றுவிட்டு ஒன்றாக அணைத்தால் வயரிங் சுலபம். ஆனால் மேம்பாலப் படியின் தொடக்கம், தண்ணீர்க் குழாய், கழிப்பறைக்குப் போகும் வழி, பெண்கள் காத்திருக்கும் அறையின் வாசல் ஆகியவை அணையும் வரிசையில் விழுந்துவிடக் கூடாது. பெஞ்சுக்கு நேர் மேலே விளக்கு வைப்பதும் வம்பு. ஐப்பசி மழை விட்ட ராத்திரியில் ஈசல் மொய்த்து, சட்டைக் காலருக்குள் சிறகு உதிர்க்கும். உட்கார்ந்திருந்தவர் எழுந்து இருட்டுக்குப் போய்விடுவார். விளக்கு இரண்டடி தள்ளியிருந்தால் போதும்.

மின்சாரத்துக்குப் பஞ்சமான வட்டாரமும் இல்லை இது. 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் பக்கத்துக் கமுதியில்தான் வந்தது. நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் பரமக்குடியும் உண்டு. சிக்னல் விளக்கு இங்கும் வருமானால், எந்த விளக்கு எந்த இணைப்பில் என்பதை வரைபடத்திலேயே மாற்றினால் பென்சில் செலவுதான். கூரை போட்டுக் குழாய் பதித்த பிறகு மாற்றினால் டெண்டர் விட வேண்டும்.