கல்வீடும் ஒத்தை வாரிசும்

ஆஹென் பக்கத்து கிராமங்களில் பழைய பண்ணை வீட்டை ஈஸியா கண்டுபிடிச்சிடலாம். ரோட்டைப் பார்த்து நீளமா ஒரு கல்சுவர், வைக்கோல் வண்டி நுழையுற அளவுக்கு ஒரு வளைவு வாசல். உள்ளே போனா நடுவுல முற்றம், நாலு பக்கமும் கட்டடம். ஒரு பக்கம் வீடு, மற்ற பக்கமெல்லாம் தொழுவமும் களஞ்சியமும். செட்டிநாட்டு வீட்டை மாடுகளோட சேர்த்துக் கட்டின மாதிரி :-) கதவு, ஜன்னல் நிலைகளுக்கு இந்த ஊர் 'நீலக்கல்'. நிஜத்தில் அது சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். 1656-ல் ஆஹென் நகரத்தின் பெரும்பகுதி தீயில் எரிஞ்ச பிறகு இதுக்கு மவுசு கூடிப்போச்சாம்.

கோர்னெலிமுன்ஸ்டர் பக்கம் அப்படி ஒரு பண்ணையில் போன மாசம் ரெண்டு ராத்திரி தங்கினேன். குடும்பமே நடத்துற விடுதி. என் அறை ஒரு காலத்தில் கன்னுக்குட்டி கொட்டில். தீவனத் தொட்டி இப்போ புத்தக அலமாரி.

மாடு இருந்த இடத்துக்கு மனுஷன் வந்ததுக்குக் காரணம் பால் விலை. 1984-ல் ஐரோப்பாவில் கொண்டுவந்த பால் கோட்டாவை 2015 மார்ச்சோட எடுத்துட்டாங்க. 2016-ல் பல இடங்களில் லிட்டருக்கு 25 சென்ட் கூடக் கிடைக்கலை. அடுத்த வருஷமே அந்தம்மா மாடுகளை வித்துட்டு அறை கட்டினாங்க.

எனக்கு அதைவிட சுவாரசியமா இருந்தது சொத்து விஷயம். இந்த மாநிலத்தில் பண்ணைக்குன்னே தனி வாரிசுச் சட்டம் உண்டு, 1947-லிருந்து. (வேண்டாம்னா விலகிக்கலாம்.) பண்ணை முழுசும் ஒரே பிள்ளைக்கு. மத்தவங்களுக்கு ஏதோ கொஞ்சம் பணம். அதையும் 2024 வரைக்கும் 1964-ஆம் வருஷ மதிப்பை வச்சுத்தான் கணக்குப் போட்டாங்க! அந்தம்மாவுக்கு அப்பா 2009-ல் எழுதிவச்சார். தம்பிக்குக் கிடைச்ச தொகையில் ஒரு நல்ல கார் வாங்கலாம், அவ்வளவுதான்.

ஆனா ஒரு பிடி இருக்கு. இருபது வருஷத்துக்குள்ள பண்ணையை வித்தாலோ, விவசாயம் இல்லாத வழியில் பெரிய லாபம் பார்த்தாலோ, கூடப் பிறந்தவங்க பங்கு கேட்கலாம். அதாவது 2029 வரைக்கும் தம்பி கேட்க முடியும், அறை வாடகை பெரிய லாபம்னு ஆகிட்டா. கேட்டதில்லையாம். கிறிஸ்துமஸுக்கு வந்து அதே கன்னுக்குட்டி அறையில் தங்கிட்டுப் போறார். வாடகை வாங்குவீங்களான்னு கேட்க வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

நம்ம ஊரில் இதெல்லாம் அநியாயம்னு பஞ்சாயத்தே கூடிடும். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனா செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிங்க. ஓடு மாத்தக்கூட எல்லாரும் ஒத்துக்கணும். ஒத்து வராம இடிச்ச வீடுகளோட தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைகளில் நிக்குது. இங்கே சுவர் நிக்குது, தம்பி விருந்தாளி ஆயிட்டார். எது தேவலைன்னு சத்தியமா சொல்லத் தெரியலை மக்களே.

அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. பொண்ணு டிராக்டர் ஓட்டுறா. பையன்தான் காலையில எனக்கு முட்டை கொண்டுவந்து வச்சான். யாருக்குன்னு வீட்டில் இன்னும் பேச்சே எடுக்கலையாம்.