பென்சில் கொக்கி

ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில் வாசலில் கட்டன் டீயும் பன்னும் கொடுப்பார்கள். பாடகர் குழு நடத்துகிறவனுக்குக் கூலி கிடைக்கிற இடமும் அதுதான். கிளாஸைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவராக வருவார்கள். "ரொம்ப இழுத்துட்டீங்க, மாஸ்டர்." "என்ன அவசரம் மாஸ்டர், பஸ் பிடிக்கவா?" "பிள்ளைக்குக் குரல் போதல." "அந்தப் பிள்ளை எதுக்கு இப்படிக் கத்துது?" நான்கும் ஒரே பாட்டைப் பற்றி, ஒரே காலையில், பத்தடிக்குள் நின்று சொன்னவை. வண்டிப்பெரியாரில் நாற்பது வருஷமாக இந்தக் கட்டனைக் குடித்து வருகிறேன்.

பாட்டு ஹேண்டலுடையது. 'மெசாயா' ஆரட்டோரியோவின் மூன்றாம் பாகம் அதில்தான் தொடங்குகிறது. யோபு 19ஆம் அதிகாரத்தையும் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக் கட்டிய சோப்ரானோ ஏரியா. 'ஐ நோ தட் மை ரிடீமர் லிவெத்' என்றால் குவயர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஈஸ்டருக்கும் பாடலாம், அடக்கத்துக்கும் பாடலாம். பக்கவாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வயலின்கள் எல்லாம் ஒரே வரியை வாசிக்கும், அடியில் பேஸ் நடக்கும், நடுவில் ஒற்றைக் குரல். ஒளிந்துகொள்ள இடமில்லாத பாட்டு. அதனால்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம் வருகிறது. அல்லேலூயா கோரஸில் நாற்பது பேர் தப்பைப் பங்குபோட்டுக்கொள்வார்கள், இங்கே ஒருத்திதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நாசரேத்துப் பக்கத்திலிருந்து எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியாரையா. ஸ்டாஃப் நொட்டேஷன் புத்தகம் வாங்க எங்களிடம் காசு கிடையாது. ஜான் கர்வன் பரப்பிய, டோ ரே மியை எழுத்தாலேயே குறிக்கும் டானிக் சோல்ஃபாதான் எங்களுக்குக் கைவந்தது. அதில் ஒரு சௌகரியம், டைப்ரைட்டரிலேயே அடித்துவிடலாம். ஐயா ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் போட்டு, மசி காயுமுன் கயிற்றில் மாட்டிவிடுவார். காய்ந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் சின்னச் சின்னக் கொக்கி போடுவார். மூச்சு எடுக்கும் இடம். இருபது தாள் இருந்தால் இருபதிலும் தன் கையாலேயே போடுவார். "அதையும் ஸ்டென்சிலிலேயே வெட்டிடலாமே ஐயா" என்று ஒருமுறை கேட்டேன். "மூச்சு ஆளுக்கு ஆள் மாறும்டா, அச்சடிக்கக் கூடாது" என்றார். அது விளங்க எனக்குப் பத்து வருஷமும் இரண்டு பெரிய தப்புகளும் தேவைப்பட்டன.

முதல் தப்பு, மெதுவாகப் பாடினால் பக்தி என்று நினைத்தது. ஐயா ஊருக்குப் போயிருந்த ஒரு ஈஸ்டர். குழு என் கையில். தாளில் லார்கெட்டோ, அதாவது நிதானமான நடை, என்றிருந்தது. நான் அதற்கும் கீழே இறக்கிவிட்டேன். பாடியவள் கொழுந்து கிள்ளுகிற வீட்டுப் பிள்ளை, பதினெட்டு வயது, கணீரென்ற குரல். மூன்றாவது வரியிலேயே மூச்சு போதாமல் ஒரு சொல்லை நடுவில் முறித்தாள். அப்புறம் முறிக்கிறதே வழக்கமாகிவிட்டது. வாசலில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செயலாளர் கடிகாரத்தைக் காட்டினார். பாராட்டு ஒன்று, குறை ஒன்று. பாட்டியின் கண்ணீரை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐயா திரும்பி வந்ததும் யாரோ பதிவு செய்த கேசட்டைப் போட்டுக் கேட்டார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறிந்த இடம் ஒவ்வொன்றிலும் மேசையில் விரலால் தட்டினார். பதினாலு தட்டு.

இரண்டாவது தப்பு நேர் எதிர். சென்னையில் படித்த ஒரு பையன் லீவுக்கு வரும்போது இரண்டு கேசட் கொண்டுவந்தான். ஒன்றில் இசபெல் பெய்லி. ஆயிரம் தடவைக்கு மேல் இந்த மெசாயாவில் பாடியவர், நூல் பிடித்த மாதிரிக் குரல். இன்னொன்று 1980இல் வெளிவந்த கிறிஸ்டோபர் ஹாக்வுட் பதிவு. ஹேண்டல் காலத்து வகை வாத்தியங்கள், சின்னக் குழு, லேசான நடை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த ஈஸ்டரில் ஓட்டினேன். முடிவுகளில் டிரில் வைத்தேன், திரும்பி வரும் வரிகளில் சங்கதி மாதிரிச் சில நகாசு சேர்த்தேன். கோட்டயத்திலிருந்து வந்திருந்த ஒரு சாரும் டீச்சரும் "அசலாயிட்டுண்டு" என்று மலையாளத்தில் பாராட்டித் தோளில் தட்டினார்கள். எங்கள் எஸ்டேட் லயத்துக்காரர்கள் முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு அக்கா மட்டும், "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அந்தப் பிள்ளை மூச்சு வாங்குனதுதான் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

அன்று ராத்திரிதான் பிடிபட்டது. இழுத்தபோது மூச்சு சொல்லை முறித்தது. ஓட்டியபோது எடுக்க நேரமில்லாமல் மூச்சே சத்தமாகக் கேட்டது. இழுத்தது, ஓட்டியது, பக்தி இல்லை, உயிர் இல்லை என்று வாசலில் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் மூச்சைப் பற்றியவைதான். கேட்டவருக்கு அது வேகக் கோளாறாகத் தெரிகிறது, அவ்வளவே. கொக்கியைச் சரியான இடத்தில் போட்டால் அதே பாட்டைக் கொஞ்சம் மெதுவாகவும் பாடலாம், கொஞ்சம் விரைவாகவும் பாடலாம். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

குழு நடத்த வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: முதல் கொக்கி ஆரம்பத்துக்கும் முன்னால். பாட்டு சோவிலிருந்து மேல் டோவுக்கு ஒரே எட்டாக ஏறித் தொடங்குகிறது. அந்த எட்டுக்கு வேண்டிய மூச்சை வயலின் வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பார் முன்னால், வாயை மூடி மூக்கால் எடுக்கச் சொல்லுங்கள். தன் முறை வந்தபின் எடுத்தால் தோள் தூக்கும், மேல் டோ தட்டையாக விழும்.

அந்த எட்டில் இன்னொரு வம்பும் வந்தது. கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு பிள்ளை ஒரு வருஷம் பாடினாள். பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு போனாள், ஜாருபோல. ஐயா முகம் சுளித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள், குரலும் செத்துவிட்டது. கடைசியில் முதல் தடவை நேராக ஏறவும், பின்னால் அதே வரி திரும்பும்போது ஒரே ஒரு தடவை மட்டும் வழுக்கவும் விட்டேன். இது சரியா என்று வெளிநாட்டுக்காரரிடம் கேட்டால் அடிக்க வருவார்கள். எனக்குச் சரி.

அன்று கேட்டவர்களில் ஒருவர் எங்கள் சபைக்காரர் அல்ல. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட நாகஸ்வரக்காரர். மகள் வீட்டுக்காரர் எங்கள் டெனர், அதனால் வந்திருந்தார். கட்டனை ஊதிக்கொண்டே, "பாப்பா சுருதியிலதான் நின்னுச்சு. உங்க பெட்டிதான் நிக்கல" என்றார். நான் மழையில் ஊறின ஆர்மோனியத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இங்கே ஆடி மாதத்தில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும், ரீடில் களிம்பு ஏறும். அவர் சொன்னது அதுவல்ல. ஆர்மோனியத்தின் 'மி' எப்போதுமே ஒரு மயிரிழை கூடித்தான் இருக்கும். எந்தக் கட்டைக்கும் பொதுவாக வைத்த சுருதி அது. நல்ல காதுள்ள பிள்ளை தானாகப் பாடினால் அந்தர காந்தாரம் அதற்குக் கொஞ்சம் கீழேதான் உட்காரும். அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது சும்மா இல்லை. அதிலிருந்து, குரல் நீண்டு நிற்கிற இடங்களில் பெட்டிக்காரரை மி விட்டுவிட்டு டோவும் சோவும் மட்டும் பிடிக்கச் சொல்கிறேன். நாற்பது வருஷத்தில் கிடைத்த விமர்சனங்களில் உடனே காசாக மாறியது அதுதான்.

கத்துகிறாள் என்று சொன்னவருக்கும் ஒரு பதில் கண்டேன். 'உயிர்த்தெழுந்தார்' என்ற இடத்தில் பாட்டு படிப்படியாக ஏறி மேல் மிக்குப் போகிறது. பாட்டு ஈ மேஜரில் இருக்கிறது. ஹேண்டலுடையதென்று பாதுகாத்துவரும் சுருதிக்கவை ஏ ஸ்வரத்துக்கு 422.5 அதிர்வு காட்டுகிறது. நம் கீபோர்டு 440. அதாவது அவர் எழுதிய உயரத்தைவிட நாம் அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே நின்று பாடுகிறோம். நான் ஈ பிளாட்டுக்கு இறக்கிவிட்டேன். சோல்ஃபாவில் இதற்குச் செலவே இல்லை. தாளின் தலையில் டோ என்ன என்பதை மட்டும் மாற்றினால் போதும், பாடுகிற பிள்ளைக்கு எல்லாம் அப்படியே. கஷ்டம் பெட்டிக்காரருக்கு மட்டும். இப்போது கீபோர்டில் அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. மூலத்தை மாற்றலாமா என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். 1750இல் குவாடாக்னி என்ற பாடகர் கிடைத்ததும், இதே மெசாயாவில் ஒரு ஏரியாவையே அவர் குரலுக்காக மாற்றி எழுதியவர் ஹேண்டல் என்று சொன்னேன். பெரியவர் சமாதானமாகவில்லை. அடுத்த வருஷம் இறக்கியதை அவருக்குச் சொல்லவில்லை, நன்றாயிருந்தது என்றார்.

தமிழில் பாடவேண்டும் என்று கேட்டவர்கள் கிழவிகள். ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும் என்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். தமிழில் வினை கடைசியில் வரும்; ஹேண்டலின் மேல் மியோ சொற்றொடரின் நடுவில் இருக்கிறது. முதல் முயற்சியில் உச்சியில் போய் உட்கார்ந்தது 'இப்பொழுதோ'வின் 'பொ'. சிரித்துவிட்டார்கள். சொற்களைப் பெயர்த்துப் பெயர்த்து, 'எழுந்தார்' என்பதன் ஆகாரம் உச்சியில் விழும்படி கொண்டுவர ஒரு லெந்து காலம் முழுக்க ஆயிற்று. உச்சியில் ஆகாரம் கிடைத்தால் தொண்டை திறக்கும். ஆங்கிலச் சொல்லில் அங்கே இருப்பது இகரம், அதைப் பாட எந்தப் பிள்ளையும் பல்லைக் கடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் எனக்கு உதவியது. மற்ற இடங்களில் நான்தான் தமிழுக்கு உதவ வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்தது டீ பேக்டரியில். வாட்டத் தட்டில் ஆரம்பித்து, கடைசி பன்னிரண்டு வருஷம் ருசி பார்க்கிற அறையில் கோப்பை வைக்கிற வேலை. இலை ஐந்தாறு நிமிஷம் ஊறவேண்டும், இந்தப் பாட்டும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஒரே தூளை இரண்டு பேர் உறிஞ்சித் துப்பிவிட்டு ஒருவர் நிறம் போதாது என்பார், இன்னொருவர் மணம் பிரமாதம் என்பார். யாரும் சண்டை போடமாட்டார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டு, வாட்டத்தில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று பார்க்கப் போவார்கள். நானும் அதையே செய்தேன். வாசலில் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து சோல்ஃபா தாளின் ஓரத்தில், எந்த வரிக்கு நேரே சொன்னார்களோ அங்கே, பென்சிலால் எழுதிவைத்தேன். பல வருஷத் தாள்களை ஒருநாள் விரித்துப் பார்த்தால் புகழ்ச்சியும் ஏச்சும் அதே இரண்டு இடங்களில்தான் மொய்த்திருந்தன. தொடக்கத்தில் அந்த எட்டு. முடிவில், நடை தணியும் அடாஜியோவுக்கு முன்னால் வருகிற சின்ன நிசப்தம். நடுவில் நாம் மாய்ந்து மாய்ந்து உழைத்த பக்கங்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதே இல்லை.

திருத்தவே முடியாத அபிப்பிராயம் ஒன்றும் தாளில் இருக்கிறது. ஒரு அம்மாவின் கணவர் அடக்கத்தில் நாங்கள் இதைப் பாடினோம். அதற்குப் பின் எந்த ஈஸ்டரில் பாடினாலும் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை பின்னாலேயே போய், "சரியா பாடலையா அம்மா?" என்று கேட்டேன். "சரியாத்தான் பாடுறீங்க, அதான்" என்றார். அதை எந்த வரிக்கு நேரே எழுதுவது என்று தெரியாமல் தாளின் பின்பக்கம் எழுதினேன்.

மெசாயாவுக்கு வசனம் தொகுத்துக் கொடுத்த சார்ல்ஸ் ஜென்னன்ஸுக்கே இந்த இசை முழுத் திருப்தி தரவில்லை. 1741இல் ஹேண்டல் இருபத்துநாலே நாளில் முடித்துவிட்டாரே, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்று அவருக்குக் குறை. 1742 ஏப்ரல் 13ஆம் தேதி டப்ளினில் முதல்முறை பாடியபோது ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷம் லண்டனில், நாடகக் கொட்டகையில் வேத வசனத்தைப் பாடுவதா என்று சண்டை. ஹேண்டலுக்கே அந்தக் கதி. எங்கள் கோயில் வாசலில் நான் என்ன எதிர்பார்க்க?

ஐயா போய்ப் பல வருஷமாகிறது. அவர் கொக்கி போட்ட தாளில் ஏழு என்னிடம் மிச்சம். அதைப் பார்த்துப் பாடச் சொல்வதில்லை. அவை அன்றைய பிள்ளைகளின் மூச்சு.

இந்த வருஷம் சோப்ரானோவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஒத்திகை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரும்போது ஒரு பென்சில் கொண்டுவாருங்கள்.