துருவும் மூச்சும்

பழைய வண்டிகளைச் சீர்செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வந்துவிடும். பெயின்ட்டையும் துருவையும் எதை வைத்து அடித்து எடுப்பது? மணலா, கார்னெட்டா, கண்ணாடி மணியா, சோடாவா? திண்டுக்கல் பிரியாணியா ஆம்பூர் பிரியாணியா என்கிற சூட்டோடு பேசுவார்கள். எது வேகமாக எடுக்கும், எது மலிவு என்ற இரண்டைச் சுற்றியேதான் அந்தப் பேச்சு போகும். அடிக்கிறவர் யார் என்பது அதில் வந்து நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் கேள்வி அப்பாவின் அம்பாசிடர் வழியாக வந்தது. 1984ஆம் வருடத்து மார்க் 4. பொள்ளாச்சி டாக்ஸி ஸ்டாண்டில் இருபது வருடங்களுக்கு மேல் நின்ற வண்டி. அப்பா போனபிறகு கொட்டகையிலேயே கிடந்தது. மேலே பார்த்தால் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். அடியில் படுத்துப் பார்த்தால், தரைத் தகட்டில் துரு வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

டிங்கரிங் பார்ப்பவர் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். "உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சா ஆறு மாசம் ஆகுமுங்க தம்பி. பிளாஸ்டிங் குடுத்துருங்க. எங்க ஓட்டை, எங்க நல்ல தகடுன்னு அப்பத்தான் தெரியும்."

பிளாஸ்டிங் என்பது காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சி அடிப்பது. 1870இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்ப்ரஸர், ஒரு தொட்டி, ஹோஸ், முனையில் நாசில்: அடிப்படை இன்றுவரை அதேதான். மாறுவதெல்லாம் தொட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பது. நம்மூர்ப் பட்டறைகளில் எதைப் போட்டு அடித்தாலும் அதற்குப் பெயர் 'சேண்ட் பிளாஸ்டிங்'தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சோடா என்றால் சமையல் சோடாதான், கொஞ்சம் பெரிய பருக்கையாக. மிக மென்மையானது. பெயின்ட்டை எடுக்கும், கண்ணாடியையும் குரோமையும் பெரிதாகக் காயப்படுத்தாது. 1980களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, செம்புத் தகட்டின் உட்பக்கத்தில் படிந்திருந்த தாரை இப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் துருவிடம் சோடா தோற்றுவிடும். மிச்சம் படிந்திருப்பதை நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட்டும் பிடிக்காது. கண்ணாடி மணி அலுமினியத்துக்கு அழகு. கார்புரேட்டர் உடம்பெல்லாம் புதிதுபோல ஆகிவிடும். எண்ணெய் போகும் துளையில் நாலு மணி தங்கினால் மட்டும் இன்ஜினுக்கு வினை. வால்நட் ஓட்டுத்தூள் இதமானது, அதுவும் துருவுக்கு ஆகாது. உலர்பனி மைனஸ் 78 டிகிரியில் வந்து அடித்துவிட்டு ஆவியாகிப் போய்விடும், கூட்டிப் பெருக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. கிரீஸுக்கு நல்லது. ஆழமாகத் தின்ற துருவை அது அசைக்காது.

துருவை எடுக்க வேண்டுமென்றால் கூர்முனை உள்ள கடினமான துகள் வேண்டும். கடினமான துகள் தகட்டையும் சும்மா விடாது. பிளாஸ்டிங்கில் தகடு நெளிவது சூட்டால் என்று பலர் சொல்வார்கள். பெரும்பங்கு சூட்டுடையது அல்ல. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல். லட்சக்கணக்கான சுத்தியல்கள் ஒரு பக்கத்தை மட்டும் தட்டும்போது அந்தப் பக்கத்தின் மேல்தோல் விரிகிறது, பின்பக்கம் விரிவதில்லை. தகடு அடிபட்ட பக்கமாகப் புடைத்துக்கொள்கிறது. பானெட், கூரை, கதவின் நடுப்பகுதி போன்ற அகலமான இடங்கள் இப்படிப் போனால் திரும்ப வருவது கஷ்டம். மேலே பட்டியை அப்பி மறைக்கத்தான் வேண்டும். ஆகவே ஒரே வண்டிக்கு ஒரே முறை சரிப்படாது. சேஸிஸ் சட்டம், சஸ்பென்ஷன் கைகள், வீல் எல்லாம் அடி தாங்கும். வெளித்தகடு தாங்காது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் கோவையில் ஒரு பிளாஸ்டிங் பட்டறைக்குப் போனேன். ஓனர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"கார்னெட்டெல்லாம் எதுக்குங்க? ஆத்து மணல் சலிச்சு வெச்சிருக்கேன். அதுலயே அடிச்சுரலாம். பாதிக் காசு."

பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் ஈரத்துண்டு. கண்ணிமை, மூக்கு நுனி, காது மடல் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பொடி. அவனுக்கு முகமூடி அந்தத் துண்டுதான்.

எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் அண்ணன். கோவையில் ஒரு பவுண்டரியில் பதினெட்டு வருடம் ஃபெட்லிங் பிரிவில் இருந்தார். வார்ப்பு அச்சிலிருந்து வரும் இரும்பில் மணல் ஒட்டியிருக்கும். அதைத் தட்டி, தேய்த்து, பீய்ச்சி எடுப்பதுதான் வேலை. நாற்பத்தைந்து வயதில் இருமல் ஆரம்பித்தது. டிபி என்று சொல்லி இரண்டு முறை முழு மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். சிலிகோசிஸ். எங்கள் வீட்டு மாடிப்படியில் நாலாவது படியில் மாமா நின்றுவிடுவார். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல நிற்பார். தினமும் அதே காலண்டர். ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார்.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. தரையில் கிடக்கும்போது அது யாரையும் ஒன்றும் செய்யாது. வேகமாகப் போய் இரும்பில் மோதி உடையும்போது, கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. மயிரிழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள் நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காரும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு கட்டிய இடம் விரிந்து சுருங்காது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 1997இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் போகும் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டன் வார்ப்பிரும்பைச் சுத்தம்செய்ய மணல் பீய்ச்சுவதை 1949ஆம் வருட விதிகளிலேயே தடைசெய்துவிட்டது. நம்முடைய 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில், தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சிலிகோசிஸும் இருந்தது. நாலு பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகைக்கு அந்த அட்டவணை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

"மணல் வேண்டாம்ங்க" என்றேன். ஓனர் என் வண்டிமேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டார். "தகட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நான் பாத்துக்கறேன்."

கார்னெட் மணலைவிடக் கொஞ்சம் கடினம், ஆனால் அதில் தனிச் சிலிக்கா மிகக் குறைவு. சலித்து மறுபடி பயன்படுத்தலாம். அதற்காக அதைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் மணலுக்குள் சிவப்பாக ஓடும் ரேகை கார்னெட்தான். அதைத் தோண்டியதில் எழுந்த புகார்களால் 2013இல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பதற்கே தடை போட்டது. ஒருவர் நுரையீரலைக் காப்பாற்ற வாங்கும் மூட்டைக்குப் பின்னால் இன்னொருவர் கடற்கரை இருக்கலாம். தெரிந்துதான் வாங்கினேன்.

கார்னெட் வந்துவிட்டால் தூசி யோக்கியமாகிவிடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் பொடியாகித்தான் பறக்கும். அதனால் துண்டு போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக உள்ளே தரும் ஹூட் வேண்டும் என்றேன். பட்டறையில் ஒன்று இருந்தது, பரண்மேல். பெரிய கம்பெனி ஆர்டர் வந்தால், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் இறக்குவார்களாம்.

பையன் போட்டுப் பார்த்தான். அஞ்சு நிமிஷத்தில் கழற்றினான். "வெந்து போகுதுங்கண்ணா. துண்டே பரவால்ல." அவன் சொன்னது பொய்யில்லை. தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் அந்த ஹூட் ஒரு அடுப்பு. காற்றுக்குழாயின் ஃபில்டரை மாற்றி, வேலையைக் காலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் வேலை ஐந்து நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளின் கூலி என் கணக்கில்.

கிரீஸையும் அடியில் பூசியிருந்த ரப்பர் கோட்டையும் முதலில் சுரண்டி எடுத்தோம். மெத்தென்ற பூச்சில் துகள் பந்துபோலத் துள்ளிப் போய்விடும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி மூடினோம். அந்த எண் மழுங்கினால் ஆர்டிஓவில் வண்டியே வேறு வண்டியாகிவிடும். அடித்தகடும் வீலும் கார்னெட்டில் போயின. வெளித்தகட்டை மட்டும் டிங்கரிங் பட்டறையில் கையால் தேய்த்தோம், அதுவும் தண்ணீர் விட்டு. வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை, அதற்குக் கீழே கறுப்பு. அப்பா வாங்குவதற்கு முன்னால் வண்டி கறுப்பாக இருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அடித்து முடித்த இரும்பு சாம்பல் நிறத்தில், ஏதோ உடுப்பைக் கழற்றியதுபோல நின்றது. வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வை உப்புப் பட்ட இடத்தில் துரு பூக்கும். அன்று மதியத்துக்குள் காற்றடித்து, இடுக்குகளில் சிக்கிய துகளையெல்லாம் வெளியேற்றி, பிரைமர் கொடுத்தாயிற்று.

கடைசி நாள் கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் ஒரு புல்லட் சேஸிஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சலித்த மணல் குவியல், சாக்குப் போட்டு மூடியபடி. பையன் ஹூட்டைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு ஓனரைப் பார்த்தான்.

"இத மேல வெச்சறட்டுங்களா?"

ஓனர் என்னைப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். "கீழயே இருக்கட்டும்" என்றார். புல்லட்டுக்கு எதைப் போட்டு அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீலுக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்க அடுத்த மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. போகும்போது பரணைத்தான் முதலில் பார்ப்பேன்.