எத்தாளைக் காற்றும் ஒரு சிறுவனின் துடுப்பும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதி, கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்குடாநாட்டில் ஓடுகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கடந்து வடக்கே சென்றால் எத்தாளை என்னும் சிற்றூர் வரும். கிணற்று நீரை இறைத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைவிப்போரும், கடலை நம்பி வாழ்வோரும் நிறைந்த பகுதி அது. ஆயினும் அங்கே நம்மை முதலில் வரவேற்பது காற்றுத்தான். வைகாசி தொடங்கி ஐப்பசி வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும்.

சென்ற ஆடி மாதம், பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்கே சென்றிருந்தேன். மாலையில் சிறுவர்கள் மென்பந்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அடித்த பந்துகள் தென்னைகளுக்கு மேலாகப் பறந்தன. அருகில் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த அவன் தந்தை, "சேர், இவனுக்கு இனிப் படிப்பு எதற்கு? கொழும்புக்கு அனுப்பினால் பெரிய ஆளாக வருவான் என்று ஊரே சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் திகைத்தேன். ஒரு பிள்ளையின் வாழ்வையே தீர்மானிக்கும் வினா அல்லவா அது!

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலும் இவ்வினா எழுவதுண்டு. அங்கே பெரிய லீக்கிற்குக் கீழே, இளைஞர் பயிலும் சிறு லீக்குகள் உள்ளன. அவர்களை மதிப்பிடச் செல்வோர் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி இடுவர். 50 என்பது பெரிய லீக்கின் சராசரி. பயிற்சியின்போது பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறான் என்பதற்கு ஒரு புள்ளி. போட்டியில் அவ்வலிமை எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு வேறொரு புள்ளி. முன்னதில் சிறந்து பின்னதில் தேறாதவர் பலர்.

பையனைக் கடலை நோக்கி நின்று ஆடச் சொன்னேன். இப்போது காற்று அவன் முகத்தில் அடித்தது. ஓங்கி அடித்த பந்து பாதி வழியிலேயே இறங்கிப் பிடிபட்டது. அடுத்த பந்தும் அப்படியே. மூன்றாம் பந்தை அவன் உயர்த்தவில்லை. இரு சிறுவர்களுக்கு இடையே தரையோடு தட்டிவிட்டு ஓடினான். தென்னையைத் தாண்டிய அடிகளைக் காட்டிலும் அந்த ஓர் அடியே என் மனத்தைக் கவர்ந்தது.

மாத்தறைக் கரையில் பிறந்த சனத் ஜயசூரியவை நினைத்துக்கொண்டேன். இலங்கை 'பி' அணியுடன் பாகிஸ்தான் சென்றபோதே ஆட்டமிழக்காமல் இரண்டு இரட்டைச் சதங்கள் அடித்தவர் அவர். 1989இல் தேசிய அணியில் சேர்ந்தார். எனினும் ஒருநாள் போட்டியில் முதற் சதம் அடிக்க 1994 ஆயிற்று. 1996இல் சிங்கப்பூரில் 48 பந்துகளில் சதமடித்து அவர் உலகை வியக்க வைத்தபோது, அதன் பின்னால் ஆறாண்டுப் பொறுமை இருந்தது.

"நானா, மகனிடம் வலிமை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. ஆனால் படிப்பை நிறுத்த வேண்டாம். கடினபந்து ஆடும் பாடசாலை ஒன்றில் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டு பாருங்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார். "சரிதான் சேர். பின்காற்றில் யாரும் படகு ஓட்டலாம். எதிர்க்காற்றில் துடுப்புப் பிடிக்கிறவன்தான் கடலோடி" என்றார்.

என் நீண்ட விளக்கத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்!