ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரிலே ரேஸ்!

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஃபேக்டரி கன்ட்ரோலர் பண்ணப் போறீங்களா? அப்படின்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிறு மட்டும் வேண்டாம் பாஸ், பெரும்பாலான கடைகளுக்கு லீவு!

பேருதான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களும் இதே ஏரியாதான். செல்போன் கவர், சிசிடிவி கடைகளைத் தாண்டி, டப்பா டப்பாவாக ரெசிஸ்டர் அடுக்கின குட்டிக் கடைகளைத் தேடுங்க. "என்ன தம்பி வேணும்?" என்று கேட்டதும் பார்ட் நம்பரோடு லிஸ்ட்டை நீட்டணும். யோசிச்சுட்டு நின்னீங்கன்னா அண்ணாச்சி அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவார்!

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. காலேஜ் லேப் வேற, ஃபேக்டரி பேனல் வேற. அங்கே சூடு, தூசி, பக்கத்திலேயே மோட்டார்.

முதல்ல கெப்பாசிட்டர். 85 டிகிரி, 105 டிகிரி என்று ரெண்டு ரகம் கிடைக்கும். கண்ணை மூடிக்கிட்டு 105 வாங்குங்க. 10 டிகிரி சூடு குறைஞ்சா அதன் ஆயுள் சுமார் இரண்டு மடங்கு என்பது கணக்கு. ஐசி-யிலும் 0 முதல் 70 டிகிரி வரை தாங்குவது சாதா ரகம். மைனஸ் 40 முதல் 85 வரை தாங்குவது இண்டஸ்ட்ரியல் ரகம்.

அடுத்து பவர். பேனலில் வருவது பெரும்பாலும் 24 வோல்ட். அதை 7805 வெச்சு 5 வோல்ட் ஆக்கினால், அரை ஆம்பியருக்கே ஒன்பதரை வாட் சூடாகப் போகும். ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர் கேளுங்க. இன்புட்டுக்கு ஆப்டோகப்ளர், ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழா ஒரு டயோடு, இதெல்லாம் கட்டாயம்.

ரிலே மேல '10 ஆம்பியர்' என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். கான்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னா புரோகிராம் 'ஆஃப்' சொன்னாலும் மெஷின் நிக்காது. அதனால எமர்ஜென்சி ஸ்டாப்பை புரோகிராமை நம்பி விடாதீங்க. நேரடி ஒயரிங்கில் மோட்டாருக்குப் போற கரன்டையே துண்டிக்கணும்.

பழைய போர்டில் கழற்றி, தேய்ச்சு, புதுப் பேரு அடிச்ச ஐசி-யும் மார்க்கெட்ல உலாவும். காலில் பழைய ஈயம் ஒட்டியிருக்கா, மேல்பக்கம் சொரசொரப்பா இருக்கான்னு பாருங்க. பில் வாங்க மறக்காதீங்க.

உங்க வைவா கொஞ்ச நேரத்தில் முடிஞ்சுடும். மெஷின்ல கை வெச்சு வேலை பார்க்கிறவருக்கு ஷிஃப்ட் 8 மணி நேரம். லிஸ்ட் எழுதியாச்சா? கிளம்புங்க!